விலக்கப்பட்ட பிள்ளைகள் தந்த பாலர் பள்ளி

யூபிலி மலர் என்றால் கோயில் எழும்பிய வரலாறு, மணி வந்த வரலாறு, தேர் செய்த வரலாறு, பங்கை நடத்திய சுவாமிமார்களின் வரலாறு ஆகியவை இடம்பெறுவது வழக்கம். அவை இம்மலரின் ஏனைய பக்கங்களில் உள்ளன. நாம் இங்கே எழுத எடுத்துக்கொண்டது வேறொரு வரலாறு. மூன்று வயதுக் குழந்தையைக் கையைப் பிடித்து அழைத்துச் சென்று பாலர் பள்ளியில் விடுகிறோமே, அங்கே அதன் கையில் கொடுக்கப்படும் மரக்கட்டைகளும், வளையங்களும், தடவிப் பார்க்கும் எழுத்துகளும் முதன்முதலில் யாருக்காகச் செய்யப்பட்டன என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

விடையை முன்னதாகவே சொல்லிவிடுகிறோம். அவற்றுள் பல காது கேளாத பிள்ளைக்காகவும், பேச்சு வராத பிள்ளைக்காகவும், அறிவு வளர்ச்சியில் பின்தங்கிய பிள்ளைக்காகவும் செய்யப்பட்டவை. அவர்களிடம் சோதித்துக் கண்ட வழிகள் பின்னர் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாயின. அவ்வாறு பொதுவான பிறகு, எந்தப் பிள்ளைகளிடமிருந்து அவை வந்தனவோ, அந்தப் பிள்ளைகளுக்கே பாலர் பள்ளியின் வாசல் அடைபட்டது. அவர்கள் வெளியே போன கதையும், மீண்டும் உள்ளே அழைக்கப்பட்ட கதையுமே இக்கட்டுரை.

காட்டுப் பையனும் மருத்துவரும்

1800ஆம் ஆண்டு சனவரி மாதம். பிரான்சு நாட்டின் தென்பகுதியில் அவேரோன் என்னும் மாவட்டத்தில், ஆடையின்றிக் காட்டில் திரிந்த ஒரு சிறுவன் ஊருக்குள் வந்து பிடிபட்டான். வயது பதினொன்று அல்லது பன்னிரண்டு இருக்கலாம். பேச்சு இல்லை. மனிதரோடு பழகத் தெரியவில்லை. அவனைப் பாரிஸ் நகருக்குக் கொண்டுசென்று, காது கேளாதோர் பள்ளியில் சேர்த்தார்கள். ஏழைகளான காது கேளாப் பிள்ளைகளுக்குக் கல்வி தர வேண்டும் என்று, 18ஆம் நூற்றாண்டில் டி லெப்பே என்னும் குருவானவர் தொடங்கிய பணியிலிருந்து வளர்ந்த பள்ளி அது.

அக்காலத்தில் மனநோய் மருத்துவத்தில் பெரும் பெயர் பெற்றிருந்த பினெல் என்பவர் சிறுவனைப் பார்த்துவிட்டு, இவனுக்குப் பிறவியிலேயே அறிவு இல்லை, கற்பிப்பது வீண் என்று தீர்ப்பளித்தார். இருபதுகளின் நடுவில் இருந்த ழான் இத்தார் என்ற மருத்துவர் அத்தீர்ப்பை ஏற்கவில்லை. பழக்குவாரும் பேசுவாரும் இல்லாததே இவன் குறை என்று அவர் எண்ணினார். சிறுவனுக்கு விக்டர் என்று பெயரிட்டு, ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் உழைத்தார். அந்த ஆண்டுகளிலும் அதன் பிறகும் விக்டரைத் தாயைப்போல் பராமரித்தவர் கெரேன் அம்மையார். வரலாறு பேசும்போது அறிஞரைச் சொல்லி, சோறூட்டியவரை விட்டுவிடுவது நமது பழக்கம். அந்தத் தவறு இங்கே நேர வேண்டாம்.

இத்தார் கண்ட வழி, புலன்களிலிருந்து அறிவுக்குப் போகும் வழி. வெந்நீர், தண்ணீர், கரடு, வழவழப்பு ஆகியவற்றை உணரச் செய்தார். வெட்டி எடுத்த எழுத்துகளை அவன் கையில் கொடுத்தார். பால் என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லை, எழுத்துகளை வரிசையாக அடுக்கி அமைக்க விக்டர் கற்றுக்கொண்டான். பல சொற்களை வாசிக்கவும் எழுதவும் அவனால் முடிந்தது. ஆயினும் பேச்சு வரவில்லை. 1801இலும் 1806இலும் இத்தார் இரண்டு அறிக்கைகள் எழுதினார். தாம் எண்ணியது முழுவதும் நிறைவேறவில்லை என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. விக்டருக்கு ஆட்டிசம் என்னும் வளர்ச்சி வேறுபாடு இருந்திருக்கலாம் என்று இக்கால அறிஞர் சிலர் கருதுகின்றனர். எப்படியாயினும், பேசாத அந்தப் பையனால் உலகம் ஒரு பாடம் படித்தது: சொல்லிக்கொடுத்து வராத அறிவு, தொட்டுக்கொடுத்து வரலாம்.

கையிலிருந்து அறிவுக்கு

இத்தாரிடம் பயின்றவர் எதுவார் செகேன் என்பவர். 1812இல் பிறந்த இவர், பாரிசில் அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கென்றே கல்வி நடத்தினார். 1846இல் தமது முறையைப் பெரிய நூலாக வெளியிட்டார். பின்னர் அமெரிக்கா சென்று, 1866இல் ஆங்கிலத்திலும் எழுதினார். அவருடைய முறையில் முதலில் உடம்பு, பிறகு புலன், அதன் பிறகே எண்ணம். நடக்கவும், ஏறவும், பிடிக்கவும், விடவும் பழக்கிய பிறகுதான் எழுத்து. வட்டத்தை வட்டப் பள்ளத்திலும், சதுரத்தைச் சதுரப் பள்ளத்திலும் பொருத்தும் பலகை அவர் பயன்படுத்திய கருவிகளுள் ஒன்று. இன்று எந்தப் பொம்மைக் கடைக்குப் போனாலும் அதைக் காணலாம்.

பெயர்களைக் கற்பிக்க அவர் மூன்று படிகளை வகுத்தார். முதற்படியில் ஆசிரியர் இரண்டு வண்ணங்களைக் காட்டி, "இது சிவப்பு, இது நீலம்" என்று மட்டும் சொல்வார். இரண்டாம் படியில், "சிவப்பை எடுத்துக் கொடு" என்பார். பிள்ளை எடுத்துக் கொடுத்த பிறகுதான் மூன்றாம் படி: "இது என்ன?" இரண்டாம் படியின் அருமையைப் பாருங்கள். வாய் திறந்து பேச முடியாத பிள்ளையும் தனக்குத் தெரியும் என்பதைக் கையால் காட்டிவிடலாம். நம்மில் பலர் முதற்படியிலிருந்து நேரே மூன்றாம் படிக்குத் தாவி, பிள்ளை விழிக்கும்போது மக்கு என்று சொல்லிவிடுகிறோம்.

உரோமையில் இரண்டு பள்ளிகள்

பாலர் பள்ளி என்ற அமைப்புக்கு ஜெர்மனியில் பிரோபல் 1840இல் கிண்டர்கார்ட்டன் என்று பெயர் சூட்டியதை நாம் அறிவோம். ஆயினும் இன்றைய பாலர் பள்ளியின் கருவிகளும் முறைகளும் உருவானதில் இத்தாலி நாட்டு மரியா மாண்டிசோரி அம்மையாரின் பங்கு பெரிது. 1870இல் பிறந்து, 1896இல் உரோமைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்ற இவர், மனநோய்ப் பிரிவில் பணியாற்றினார். நோயாளிகளைப் பார்க்க மனநோய் விடுதிகளுக்குச் செல்லும்போது, அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளும் அங்கே பெரியவர்களோடு அடைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். பார்ப்பதற்கு எதுவுமில்லை. கையில் எடுத்து விளையாட ஒரு பொருள் இல்லை. இவர்களுக்கு வேண்டியது மருந்தைக் காட்டிலும் கல்வியே என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

1900இல் உரோமையில் இத்தகைய பிள்ளைகளுக்கும் அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. மாண்டிசோரி அம்மையார் அதன் பொறுப்பை ஏற்று, காலை எட்டு மணி முதல் மாலை ஏழு மணி வரை பிள்ளைகளோடு இருந்தார். இத்தார், செகேன் ஆகியோரின் நூல்களைத் தம் கையாலேயே இத்தாலிய மொழியில் எழுதிப் படித்தார். அங்கே நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியை அவரே பதிவு செய்திருக்கிறார். பதினொரு வயதுப் பெண்பிள்ளை ஒருத்திக்கு ஊசியில் தைக்க வரவே இல்லை. அம்மையார் தையலை நிறுத்திவிட்டு, தாள் கீற்றுகளால் பாய் முடையும் விளையாட்டைக் கொடுத்தார். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று முடையக் கைக்குப் பழகிய பிறகு மீண்டும் ஊசியைக் கொடுத்தால், பிள்ளை தைக்கிறாள்! ஒரு செயலைக் கற்பிக்குமுன் அதற்குரிய அசைவைக் கைக்குப் பழக்க வேண்டும் என்ற பெரிய உண்மையை அம்மையாருக்குக் கற்பித்தவள் அந்தச் சிறுமி. இன்று பாலர் பள்ளியில் பிள்ளை பென்சில் பிடிக்குமுன் சட்டைப் பொத்தான் போடவும், கட்டையைக் குமிழ் பிடித்துத் தூக்கவும் பழக்குகிறோமே, அதன் வேர் அங்கே இருக்கிறது.

அப்பிள்ளைகளில் சிலர், ஏனைய பிள்ளைகள் எழுதிய பொதுத் தேர்வையே எழுதித் தேறினார்கள். ஊரே வியந்தது. அம்மையாரின் வியப்போ வேறு. இவர்களே இவ்வளவு தூரம் வர முடியுமானால், குறை ஏதும் இல்லாத பிள்ளைகளை நம் பள்ளிகள் எவ்வளவு கீழே அழுத்தி வைத்திருக்கின்றன என்று அவர் எண்ணினார்.

அந்த எண்ணத்தைச் சோதிக்க வாய்ப்பு வந்தது. உரோமையின் ஏழைப் பகுதியான சான் லொரென்சோவில், தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில், பெற்றோர் வேலைக்குப் போனபின் கவனிப்பாரற்ற சிறுபிள்ளைகள் சுவர்களையும் படிகளையும் பாழாக்கிக் கொண்டிருந்தார்கள். அவர்களை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ளக் கட்டட நிறுவனத்தார் விரும்பினார்கள். 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள், மூன்று இராசாக்கள் திருநாளன்று, ஏறக்குறைய ஐம்பது பிள்ளைகளோடு "குழந்தைகள் இல்லம்" திறக்கப்பட்டது. அங்கே அம்மையார் கொண்டுவந்த கருவிகள், முன்பு அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்காகச் செய்யப்பட்ட அதே கருவிகள்தாம். அந்தப் பழைய பள்ளியில் மரத்தால் அழகாகச் செய்த எழுத்துகள் இருந்தன. அவற்றைப்போல் மீண்டும் செய்ய ஆள் கிடைக்கவில்லை. ஆகவே உப்புத்தாளில் எழுத்தை வெட்டி அட்டையில் ஒட்டினார்கள். விரலால் தடவித் தடவி, நான்கு ஐந்து வயதுப் பிள்ளைகள் சில மாதங்களில் எழுதத் தொடங்கினார்கள். உலகம் முழுவதிலுமிருந்து பார்வையாளர் வந்தனர். 1909இல் அம்மையாரின் நூல் வெளிவந்து பல மொழிகளில் பரவியது.

கற்பித்தவர்கள் வாசலுக்கு வெளியே

இங்கேதான் வரலாற்றின் கசப்பான பக்கம் தொடங்குகிறது. மாண்டிசோரிப் பள்ளிகள் பல நாடுகளில் எழுந்தன. அவற்றுள் பல வசதியுள்ளோரின் பிள்ளைகளுக்கே உரியனவாயின. எந்தப் பிள்ளைகளிடம் அந்த முறை பிறந்ததோ, அவர்கள் தனிப் பள்ளிகளிலோ விடுதிகளிலோ வீட்டின் பின்கட்டிலோ விடப்பட்டனர். தனிப் பள்ளி நடத்திய துறவியரும் நல்லோரும் செய்த தொண்டைக் குறைத்துச் சொல்ல நாம் வரவில்லை. அவர்கள் இல்லாவிடில் பல பிள்ளைகளுக்கு எழுத்தே கிடைத்திராது. ஆனால் தனியே வளர்ந்த பிள்ளையை ஊர் அறியவில்லை. ஊரையும் அப்பிள்ளை அறியவில்லை.

மாண்டிசோரி அம்மையார் நம் தமிழ்நாட்டுக்கும் வந்தவர் என்பது நமக்குப் பெருமை. 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறு வந்து, ஏறக்குறைய முந்நூறு ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும், பகை நாட்டவர் என்ற காரணத்தால் அவருடைய நடமாட்டம் கட்டுப்படுத்தப்பட்டது. அவருடைய மகனும் சிறிது காலம் காவலில் வைக்கப்பட்டார். பின்னர் கோடைக்கானலில் தங்கிப் பணி தொடர்ந்து, 1946இல் ஐரோப்பா திரும்பினார். அவர் விதைத்த விதையால் நம் நகரங்களில் மாண்டிசோரி என்ற பெயர்ப்பலகைகள் பெருகின. ஆனால் மூன்று வயதுக் குழந்தையை நேர்காணல் செய்து, பதில் சொல்லாத குழந்தையைத் திருப்பி அனுப்பும் வழக்கமும் நகர்ப் பள்ளிகளில் பெருகியது. பதில் சொல்லாத பிள்ளைகளிடமிருந்து பிறந்த முறைக்கு அப்படி ஒரு வாசற்காவல்!

திரும்பி வந்த வழி

வாசல் மீண்டும் திறந்ததும் பெரும்பாலும் அதே ஐரோப்பாவில்தான். ஜெர்மனியின் மியூனிக் நகரில் தியோடர் ஹெல்புரூகே என்ற குழந்தை மருத்துவர், 1968இல், குறையுள்ள பிள்ளைகளும் ஏனையோரும் சேர்ந்து பயிலும் மாண்டிசோரி பாலர் பள்ளியைத் தொடங்கினார். ஒரே அறையில் மூன்று வயதும் ஆறு வயதும் கலந்திருக்க, ஒவ்வொருவரும் தம் வேகத்தில் வேலை செய்வதே அம்முறை. அங்கே எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கத்தைப் படிக்க வேண்டியதில்லை. ஆகவே மெதுவாக வரும் பிள்ளை யாருக்கும் இடையூறாகத் தோன்றவில்லை.

இத்தாலியிலும் காற்று மாறியது. பார்பியானா என்ற சிறு மலைப்பங்கின் குருவானவர் லொரென்சோ மிலானி, பள்ளி தள்ளிவிட்ட ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்துக் கற்பித்தார். அவருடைய மாணவர்கள் அவரோடு சேர்ந்து எழுதிய நூல் 1967இல் வெளிவந்தது. பின்தங்கியவனை வெளியே தள்ளும் பள்ளி யாருக்காக இருக்கிறது என்று அது கேட்ட கேள்வி நாட்டையே உலுக்கியது. 1971ஆம் ஆண்டுச் சட்டம், குறையுள்ள பிள்ளைகளுக்குப் பொதுப்பள்ளி வகுப்புகளைத் திறந்தது. 1977ஆம் ஆண்டுச் சட்டம் தனி வகுப்புகளை நீக்கி, பொது வகுப்பில் துணை ஆசிரியரை அமர்த்த வழி செய்தது. 1982இல் அத்துணை அரசுப் பாலர் பள்ளிகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. 1992ஆம் ஆண்டுச் சட்டம், குழந்தைக் காப்பகம் முதல் பல்கலைக்கழகம் வரை இவ்வுரிமையை உறுதி செய்தது. ரெஜியோ எமிலியா நகரின் பாலர் பள்ளிகளில் இவர்களைக் குறையுள்ளோர் என்று அழைக்காமல், "சிறப்பு உரிமையுள்ள பிள்ளைகள்" என்று அழைக்கும் வழக்கமும் ஏற்பட்டது.

எல்லாம் எளிதாக நடந்தது என்று எண்ண வேண்டாம். தொடக்க ஆண்டுகளில் ஆசிரியருக்குப் பயிற்சி இல்லை. துணைக்கு ஆள் இல்லை. பிள்ளையைக் கொண்டுவந்து வகுப்பில் உட்கார வைத்ததோடு சரி. அதனால் பிள்ளையும் வருந்தியது, ஆசிரியரும் வருந்தினார். பயிற்சி பெற்ற துணை ஆசிரியர் பற்றாக்குறை இன்றும் அங்கே பேசப்படுகிறது. உள்ளே விடுவது வேறு, சேர்த்துக்கொள்வது வேறு என்பதை அவர்கள் பட்டறிந்தார்கள். 1994இல் ஸ்பெயின் நாட்டின் சலமான்கா நகரில் 92 நாடுகளின் பேராளர்கள் கூடி, பொதுப்பள்ளி எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது என்று அறிக்கை வெளியிட்டபோது, இத்தகைய பட்டறிவும் உலகின் முன் இருந்தது.

நம் நாட்டில்

நம் நாட்டில் 1974இல் மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளைப் பொதுப்பள்ளியில் சேர்க்கும் திட்டம் மத்திய அரசால் தொடங்கப்பட்டது. 1975 அக்டோபர் 2இல் 33 வட்டாரங்களில் அங்கன்வாடித் திட்டம் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் மட்டும் 54,000க்கு மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. சென்னையில் 1969இல் தொடங்கிய பால வித்யாலயா, காது கேளாத குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலேயே சேர்த்து, தாயையும் உடன் அமர்த்திப் பேச்சைப் பழக்கி, பொதுப்பள்ளிக்கு அனுப்பும் வழியைக் காட்டியது. 1995இலும் 2016இலும் மாற்றுத்திறனாளிகளின் உரிமைச் சட்டங்கள் வந்தன. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், சேர்க்கையின்போது பிள்ளையையோ பெற்றோரையோ தேர்வு வைத்து வடிகட்டுவதைத் தடை செய்தது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 2009ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயக் கல்வி உரிமையை ஆறு வயதிலிருந்து தருகிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் இலவசக் கல்வி உரிமையை ஆறு முதல் பதினெட்டு வயது வரை தருகிறது. ஆறு வயதுக்கு முந்திய ஆண்டுகளோ பேச்சும் நடையும் பழக்கமும் அமையும் ஆண்டுகள். காது கேளாத குழந்தைக்குக் கருவியோ சைகை மொழியோ மூன்று வயதுக்குள் கிடைப்பதற்கும், ஆறு வயதில் கிடைப்பதற்கும் மிகப் பெரிய வேறுபாடு உண்டு. இவ்விடைவெளியை உணர்ந்தே, 2023 நவம்பரில், அங்கன்வாடிகளில் மாற்றுத்திறனுள்ள குழந்தைகளை முன்னதாகக் கண்டறிந்து சேர்த்துக்கொள்வதற்கான நெறிமுறையை மத்திய அரசு வெளியிட்டது. தாளில் வந்தது தெருவுக்கு வர வேண்டும்.

நம் முன் நிற்கும் கடன்

நம் பங்கின் குடும்பங்களைச் சந்திக்கச் செல்லும்போது, சில வீடுகளில் நாம் வந்தது தெரிந்ததும் ஒரு பிள்ளை உள் அறைக்கு அழைத்துச் செல்லப்படுவது உண்டு. பெற்றோரைக் குறை சொல்ல மாட்டோம். ஊர் பார்க்கும் பார்வைக்கு அஞ்சியே அவ்வாறு செய்கிறார்கள். பாவத்தின் பலன் என்று முணுமுணுக்கும் வாய்கள் நம் கோயில் திண்ணையிலும் இல்லாமல் இல்லை. பிறவியிலேயே பார்வையற்றிருந்தவனைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, ஆண்டவர் அக்கேள்வியையே தள்ளிவிட்டார் என்பதை நாம் தவக்காலத்தில் கேட்கத்தான் செய்கிறோம்.

பெருஞ்செலவு வேண்டும் என்று மலைக்க வேண்டாம். இவ்வரலாற்றில் நாம் கண்ட கருவிகள் எவை? பாய் முடையும் தாள் கீற்று, உப்புத்தாள் எழுத்து, மரப்பலகை. பேச்சு வராத பிள்ளைக்கு, தண்ணீர், சோறு, கழிப்பிடம் ஆகியவற்றின் படம் ஒட்டிய ஓர் அட்டை போதும். அது விரலால் காட்டிவிடும். காது மந்தமான பிள்ளை முன்வரிசையில் உட்கார வேண்டும். ஆசிரியை அதன் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். பார்வை குறைந்த பிள்ளைக்குக் கருமையான தடித்த கோடு வேண்டும். நடக்க இயலாத பிள்ளைக்குப் படியோரம் ஒரு சாய்தளம் வேண்டும். இரைச்சல் தாங்காத பிள்ளைக்கு அமைதியான ஒரு மூலை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உதவிக்கு இன்னொரு கை வேண்டும். ஆசிரியை ஒருவரையே நாற்பது பிள்ளைகளோடு விட்டுவிட்டு, சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நாம் சொல்வது நியாயமாகாது.

இதனால் ஏனைய பிள்ளைகளுக்கு இழப்பு வருமோ என்று சில பெற்றோர் கேட்பதுண்டு. விடை மேலே உள்ள வரலாற்றிலேயே இருக்கிறது. மெதுவாகக் கற்கும் பிள்ளைக்காகச் செய்யப்பட்ட வழி, விரைவாகக் கற்கும் பிள்ளைக்கும் நல்வழியாயிற்று. மூன்று வயதில் பக்கத்துப் பாயில் உட்கார்ந்த தோழனின் கையைப் பிடித்துப் படியேற்றிய பிள்ளை, முப்பது வயதில் அவனுக்கு வேலை கொடுக்க அஞ்சமாட்டான்.

ஆகவே அன்பார்ந்த பங்கு மக்களே, இந்த யூபிலி ஆண்டில் நாம் கேட்பது இதுதான். உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள் அறையில் இருக்கும் பிள்ளை இருந்தால், அடுத்த பள்ளியாண்டு தொடங்குமுன் பங்கு இல்லத்திற்கு வந்து சொல்லுங்கள். இரண்டு வயதானாலும் சரி, ஐந்து வயதானாலும் சரி. மருத்துவரிடம் காட்டுவதற்கும், அங்கன்வாடியிலோ பாலர் பள்ளியிலோ இடம் பேசுவதற்கும் நாம் உடன் வருவோம். வாரத்தில் ஒரு முற்பகல் பாலர் பள்ளிக்கு வந்து உதவக்கூடிய தாய்மாரும், ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், இளைஞர்களும் தங்கள் பெயர்களைத் தாருங்கள். இப்பிள்ளைகள் உலகத்துப் பாலர் பள்ளிகளுக்குக் கொடுத்ததை நாம் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். இறைவன் உங்கள் குடும்பங்களை நிறைவாக ஆசீர்வதிப்பாராக.